டேப் மெஷின்களில் எது பெஸ்ட்? ஸ்டூடர், எம்சிஐ, ஓடாரி ஒப்பீட்டில் விட்டுப்போகும் கேள்வி

லேப்டாப்பில் பாட்டு மிக்ஸ் பண்ணுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. திரையில் இரண்டு பெரிய ரீல்கள் சுற்றும். பக்கத்தில் 'ஸ்டூடர் ஏ800' என்று பெயர் இருக்கும். ட்ரம்ஸ் ட்ராக்கின் மேல் அந்த பிளக்-இன்னைப் போட்டால் சத்தம் கொஞ்சம் தடிக்கும், சிம்பலின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். 'வார்ம்' ஆகிவிட்டது என்று எல்லோரும் தலையாட்டுவார்கள்.

படத்தில் சுற்றும் அந்த மெஷின் நிஜத்தில் ஒரு பெரிய வாஷிங் மெஷின் சைஸ் இருக்கும். 1978-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள டேப்பில் 24 ட்ராக்குகளைத் தனித்தனியாகப் பதியும். இப்போது யாரும் அதைத் தயாரிப்பதில்லை. ஸ்டூடர் மட்டும் இல்லை. ஸ்டுடியோ தரத்தில் 24 ட்ராக் டேப் மெஷினைப் புதிதாகச் செய்து விற்கும் பெரிய நிறுவனம் இன்று ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் இந்த மெஷின்களுக்கு மவுசு குறையவில்லை. ஸ்டூடர் ஒசத்தியா, அமெரிக்காவின் எம்சிஐ ஒசத்தியா, ஜப்பானின் ஓடாரி போதுமா என்று வாதம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. வாதம் முழுக்க சவுண்டைப் பற்றி. உண்மையில் கேட்க வேண்டியது வேறு: இந்த மெஷின் இன்னும் பத்து வருஷம் ஓடுமா? நின்றுபோனால், யார் யார் பாட்டெல்லாம் அதோடு சேர்ந்து நிற்கும்?

மல்டிட்ராக் எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியிலிருந்து 'மேக்னெட்டோஃபோன்' டேப் மெஷின்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஜாக் மல்லின். அங்கே பிங் கிராஸ்பி என்ற பாடகருக்கு ஒரு பிரச்சினை. வாராவாரம் ரேடியோவில் நேரலையில் வந்து நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே பதிவு செய்து வைக்க ஆசைப்பட்டார். கலிஃபோர்னியாவில் ஆம்பெக்ஸ் என்ற சின்ன கம்பெனிக்குப் பணம் கொடுத்தார். 1948-இல் ஆம்பெக்ஸ் 200 வந்தது. ஸ்டுடியோ டேப் யுகம் இப்படி ஒரு பாடகரின் லீவு ஆசையில் தொடங்கியது என்று சொன்னால் தப்பில்லை.

அடுத்த தாவல் கிட்டாரிஸ்ட் லெஸ் பால். ஒரே ஆள் பல வாசிப்புகளை அடுக்கடுக்காகப் பதிய வேண்டும் என்பது அவர் கனவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. டேப் மெஷினில் அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், வாசிக்கும் ஹெட் மூன்றும் வரிசையாக, சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஏற்கெனவே பதிந்த கிட்டாரை வாசிக்கும் ஹெட் வழியாகக் கேட்டுக்கொண்டே புதுசா பாடினால், பாடியது வேறொரு இடத்தில், பதியும் ஹெட்டின் கீழ், போய் உட்காரும். தாளம் பிசகிவிடும்.

ஆம்பெக்ஸின் ராஸ் ஸ்னைடர் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. பதியும் ஹெட்டையே, தேவையான ட்ராக்குகளுக்கு மட்டும், வாசிக்கும் ஹெட்டாகவும் பயன்படுத்து. அதற்கு 'செல்-சிங்க்' என்று பெயர். 1957-இல் லெஸ் பால் வீட்டுக்கு வந்து இறங்கிய 8 ட்ராக் மெஷினின் விலை 10,000 டாலர். அதற்கு 'ஆக்டோபஸ்' என்று செல்லப்பெயர். அடுத்த வருஷமே, என்ஜினியர் டாம் டௌட் சொல்லி, நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸும் ஒன்றை வாங்கிவிட்டது. இன்று மொபைலில் ரெக்கார்டிங் ஆப் திறந்து 'ஆட் ட்ராக்' தட்டும் ஒவ்வொருவரும் தொடுவது இந்த யோசனையைத்தான்.

பிராண்டுக்கு முன்னாடி அகலம், வேகம்

டேப் மெஷின்களை ஒப்பிடும்போது பெயர்ப்பலகையைப் பார்ப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஒரு ட்ராக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் கிடைக்கிறது என்பதை.

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967) ஆல்பம் லண்டனில், இன்று ஏபி ரோடு என்று அழைக்கப்படும் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் உருவானது. ஸ்டூடர் ஜே37, ஒரு அங்குல டேப், மொத்தமே 4 ட்ராக். நாலும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்றிரண்டு ட்ராக்காகப் பதிந்துகொண்டு, மிச்சம் இருக்கும் காலி ட்ராக்கில் வேலையைத் தொடர வேண்டும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் இரைச்சல் ஏறும். கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. ட்ரம்ஸ் எவ்வளவு, பேஸ் எவ்வளவு என்பதை அப்போதே, அங்கேயே முடிவு பண்ணியாகணும். 'எ டே இன் தி லைஃப்' பாட்டின் ஆர்கெஸ்ட்ராவுக்கு இடம் போதாமல், கென் டவுன்சென்ட் என்ற என்ஜினியர் 50 ஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றை வைத்து இரண்டு மெஷின்களைச் சேர்த்து ஓட்டினார்.

மறுவருஷம் அதே லண்டனில் டிரைடென்ட் ஸ்டுடியோ 8 ட்ராக் வைத்திருந்தது. 'ஹே ஜூட்' அங்கே பதிவானதற்கு அதுவும் ஒரு காரணம். 1968 செப்டம்பரில் ஈஎம்ஐ ஸ்டுடியோவிலும் 3எம் கம்பெனியின் 8 ட்ராக் மெஷின் வேலைக்கு வந்தது. அதே காலத்தில் ஆம்பெக்ஸ், வீடியோ டேப் ஓட்டும் உடம்பில் ஆடியோ ஹெட்டை மாட்டி எம்எம்-1000 என்ற 16 ட்ராக் மெஷினை இறக்கியது. எழுபதுகளின் நடுவில் 24 ட்ராக்தான் வழக்கம் என்று ஆனது.

இங்கேதான் கவனிக்கணும். 16 ஆனாலும் 24 ஆனாலும் டேப்பின் அகலம் அதே 2 அங்குலம்தான். 16 ட்ராக் மெஷினில் ஒரு ட்ராக்குக்குக் கிடைப்பது சுமார் 1.8 மில்லிமீட்டர். 24 ட்ராக்கில் சுமார் 1.1. காந்தத் துகள்கள் குறையக் குறைய, பாட்டுக்கும் 'ஹிஸ்' இரைச்சலுக்கும் உள்ள தூரம் குறையும். கணக்குப்படி இரண்டு டெசிபல் அளவு இழப்பு. பெரிய நம்பர் இல்லை. ஆனா 24 ட்ராக்கையும் சேர்த்துக் கேட்கும்போது தெரியும். இதற்காகவே 24 ட்ராக் மெஷினில் ஹெட்டுகளைக் கழற்றிவிட்டு 16 ட்ராக் ஹெட் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எட்டு ட்ராக் குறைந்தாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கணக்கு.

அடுத்தது வேகம். ஸ்டுடியோவில் டேப் செகண்டுக்கு 15 அங்குலம் அல்லது 30 அங்குலம் ஓடும். 30-இல் ஹிஸ் குறையும், ஹை ஃப்ரீக்வென்சி தெளிவாக நிற்கும், ஆனால் அடிமட்ட பேஸ் கொஞ்சம் மெலியும். 15-இல் பேஸ் உருண்டு திரண்டு வரும், கூடவே ஹிஸ்ஸும் வரும். ராக், ரெகே பதிகிறவர்கள் 15 பக்கமும், சுத்தம் வேண்டும் என்கிறவர்கள் 30 பக்கமும் நிற்பது இதனால்தான்.

வேகத்துக்குக் காசும் உண்டு. 2,500 அடி ரீல் 15-இல் 33 நிமிஷம் ஓடும். 30-இல் பதினாறரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். 2 அங்குல ரீல் ஒன்றின் விலை இன்று 300 டாலரைத் தாண்டும். ஒரு பாட்டுக்கு நாலு டேக் எடுத்தாலே ஒரு ரீல் காலி.

ஒரே மெஷினில் வேகத்தை மாற்றினால், டேப் ரகத்தை மாற்றினால், அட்ஜஸ்ட்மென்ட்டை மாற்றினால் வரும் வித்தியாசம், நல்ல நிலையில் இருக்கும் இரண்டு பிராண்டுகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. பிராண்டுச் சண்டை போடுகிறவர்கள் இதை ஏனோ சொல்வதே இல்லை.

சரி, அப்ப எந்த மெஷின் எப்படி?

ஆம்பெக்ஸ் எம்எம்-1200 ஒரு லாரி. முரட்டு உடம்பு, பெரிய மோட்டார். வேலை செய்யும், ஆனால் டேப்பை மென்மையாகக் கையாளும் விஷயத்தில் பின்னால் வந்தவை இதை முந்திவிட்டன. 3எம் எம்79 வேறு வழியில் போனது. டேப் பிடிப்பில்லாமல் ஓடும் தூரத்தை ரொம்பச் சின்னதாக்கி, சுருதி நடுக்கத்தைக் குறைத்தது. இரண்டு கம்பெனிகளும் இந்தத் தொழிலை விட்டுப்போய் ரொம்ப காலம் ஆகிறது.

எம்சிஐ ஜேஎச்-24 ஃப்ளோரிடாவிலிருந்து வந்தது. 1982-இல் எம்சிஐ-யை சோனி வாங்கியது. ஸ்டூடர் வாங்கக் காசில்லாத ஸ்டுடியோக்களின் மெஷின் என்று இதைச் சிலர் மட்டமாகப் பேசுவதுண்டு. ஆனா திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சாதாரண பாகங்கள். சர்க்யூட்டைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். நாற்பது வருஷம் கழித்து இதுதான் பெரிய சொத்து.

ஸ்டூடர் ஏ800, மைக்ரோபிராசஸர் வைத்து டேப் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியது. வேகமாகச் சுற்றி, சொன்ன இடத்தில் பூப்போல நிற்கும். டேப்பைக் கசக்காது. அதற்குப் பின் வந்த ஏ820 இன்னும் ஒரு படி மேலே போய், அட்ஜஸ்ட்மென்ட்களையே டிஜிட்டலாக நினைவில் வைத்துக்கொண்டது. இயந்திர வேலைப்பாட்டில் இவற்றை மிஞ்ச ஆள் இல்லை என்பதை எதிர்தரப்பும் ஒப்புக்கொள்ளும். ஆனால் அந்தப் புத்திசாலித்தனம் குடியிருப்பது அந்த மெஷினுக்கென்றே செய்த போர்டுகளில். அது செத்தால், இன்னொரு செத்த மெஷினிலிருந்துதான் உறுப்பு எடுத்து வைக்க வேண்டும்.

ஓடாரி எம்டிஆர்-90 இரண்டுக்கும் நடுவில். டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையே இல்லாத ஓட்டம். மற்ற கருவிகளோடு சிங்க் ஆகி நன்றாக ஓடும். சினிமா, டிவி வேலைக்கு இதை விரும்பியதற்குக் காரணம் அது. யாரும் இதைப் பற்றிக் கவிதை எழுதுவதில்லை. தினமும் காலையில் ஆன் பண்ணினால் வேலை செய்த மெஷின், அவ்வளவுதான்.

கேட்டால் ஸ்டூடர். பராமரிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான் என்றால் எம்சிஐ அல்லது ஓடாரி. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு வரியில் பதில் வேண்டும் என்றால் அதுதான்.

120 திருகாணிகள்

பிளக்-இன்னில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. ரெக்கார்டிங் தொடங்கும் முன், ஹெட்டுகளையும் டேப் தொடும் பாகங்களையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். அவ்வப்போது காந்தம் நீக்க வேண்டும். பிறகு அளவு டேப் ஒன்றை ஓட்டி ஹெட்டின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு ட்ராக்குக்கும் வாசிப்பு அளவு, வாசிப்பின் ஹை, பயாஸ், பதிவு அளவு, பதிவின் ஹை என்று குறைந்தது ஐந்து திருகல். 24 ட்ராக்குக்கு 120. வேறு ரக டேப் மாட்டினால் பதிவுப் பக்கத் திருகல்கள் மறுபடியும் முதலிலிருந்து.

இதைச் செய்யக் காதும் கையும் பழகிய ஆள் வேண்டும். முன்பு பெரிய ஸ்டுடியோக்களில் சம்பளத்துக்கே ஒரு மெயின்டனன்ஸ் என்ஜினியர் இருப்பார். அந்த வேலையே இப்போது இல்லை. தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. மெஷினை விற்கிறவர் கூடவே டெக்னீஷியனையும் பேக் பண்ணி அனுப்ப முடியாது.

2005-இல் ஒரு முன்னோட்டம் வந்தது. ஆம்பெக்ஸின் டேப் பிரிவிலிருந்து உருவான குவான்டஜி, அமெரிக்காவின் அலபாமாவில் ஆலையை மூடியது. கொஞ்ச நாளைக்கு ஸ்டுடியோக்கள் மிச்ச ரீல்களைத் தேடி அலைந்தன. இப்போது அமெரிக்காவில் ஏடிஆர் மேக்னெட்டிக்ஸும், பிரான்ஸில் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸும் டேப் செய்கின்றன. அதாவது டேப் புதிதாகக் கிடைக்கும், ஓட்டும் மெஷின் கிடைக்காது. பெட்ரோல் பங்க் இருக்கிறது, கார் கம்பெனி மூடிவிட்டது மாதிரி.

'வார்ம்த்' இல்லை, பிளேபேக்

ஏன் இதெல்லாம் முக்கியம்? புது ஆல்பம் பண்ணுகிறவருக்கு டேப் ஒரு ரசனை. பிடித்தால் செய்யலாம், இல்லையென்றால் விடலாம். ஃபூ ஃபைட்டர்ஸ் 2011-இல் 'வேஸ்டிங் லைட்' ஆல்பத்தை டேவ் குரோல் வீட்டு கராஜில் டேப்பில் பதிந்தார்கள். முதல் பதிப்புகளில் மாஸ்டர் டேப்பையே துண்டு துண்டாக வெட்டி ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், ஆவணக் காப்பாளர்கள் நெஞ்சைப் பிடித்திருப்பார்கள்.

ஆனால் அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை உலகம் முழுக்கப் பதிவான பாட்டுகளின் மல்டிட்ராக் டேப்புகளுக்கு இது ரசனை விஷயம் இல்லை. அவற்றை வாசிக்க அதே அகலத்தில், அதே ட்ராக் கணக்கில் ஹெட் வைத்த மெஷின் வேண்டும். வேறு வழி கிடையாது.

டேப்பும் சும்மா காத்திருப்பதில்லை. எழுபது, எண்பதுகளில் வந்த பல அமெரிக்க டேப்புகளில், ஆம்பெக்ஸ் 456 உட்பட, துகள்களை ஒட்டிவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து ஹெட்டில் ஒட்டும். அதற்கு வைத்தியம், 50 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே பல மணிநேரம் டேப்பை மிதமாகச் சூடாக்குவது. 'பேக்கிங்' என்றே சொல்கிறார்கள். சில வாரங்களுக்கு டேப் சரியாகும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஓட்ட ஓட்டத் தேய்வதும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977) பதிவில் ஓவர்டப்புக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பின் ஹை மங்கிவிட்டது. நல்லவேளையாக அடிப்படைப் பதிவுகளை ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டாவது டேப்பைக் காதால் கேட்டுக் கேட்டே முதல் டேப்போடு ஒட்டி ஓடவைத்துக் காப்பாற்றினார்கள்.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் 'டெட்லைன் 2025' என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2025-க்குள் டிஜிட்டல் ஆக்காத காந்த டேப்புகளில் பெரும்பாலானவை கைவிட்டுப்போகும் என்பதுதான் சாரம். காரணமாகச் சொன்னது டேப்பின் வயதை மட்டும் இல்லை. மெஷின், ஸ்பேர் பார்ட், தெரிந்த ஆள் மூன்றும் மறைவதைத்தான். 2019-இல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் 'மேக்னெட்டிக் டேப் அலர்ட்' என்று அதே மணியை அடித்தன.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. டிஜிட்டலுக்கு முந்தைய தமிழ் சினிமாப் பாட்டுகளில் பலவும் காந்த டேப்பில் பதிவானவைதான். கடற்கரை ஊரின் ஈரக்காற்று அந்தப் பசைக்கு எந்த நல்லதும் செய்யாது. ஏசி இல்லாத அலமாரியில் கிடக்கும் ரீலுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு வயது இல்லை, பல வயது.

'ஏஐ வந்தாச்சே, ஸ்டீரியோ பாட்டிலிருந்தே குரலைத் தனியா பிரிச்சிடலாமே?' என்று கேட்கலாம். 2022-இல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் பண்ணியபோது, ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்த கருவிகளை அப்படித்தான் பிரித்தார்கள். அசத்தலான வேலை. ஆனா அவர்கள் தொடங்கியது யாரோ ஐம்பத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒரிஜினல் டேப்பிலிருந்து.

எதிர்க்கருத்து ஒன்றுக்கு மரியாதை தர வேண்டும். 2024-இல் மறைந்த ஸ்டீவ் ஆல்பினி, சிகாகோவில் தன் எலெக்ட்ரிக்கல் ஆடியோ ஸ்டுடியோவில் கடைசிவரை டேப்பில் பதிந்தவர். டிஜிட்டல் ஃபைல்தான் சீக்கிரம் சாகும், டேப் நிற்கும் என்பது அவர் வாதம். இருபது வருஷத்துக்கு முந்தைய ப்ராஜெக்ட் ஃபைலைத் திறக்க முயன்று தோற்ற யாருக்கும் இது புரியும். ஆனால் அவர் ஸ்டுடியோவில் நல்ல ஸ்டூடர்களும் அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அந்த வசதி இருக்கும் இடத்தில் அவர் சொன்னது உண்மை.

காசை எங்கே போடலாம்?

டேப்பின் சவுண்ட் மட்டும் வேண்டும் என்றால் பிளக்-இன் போதும், கூச்சப்பட ஒன்றுமில்லை. டேப்பின் கட்டுப்பாடு, அதாவது 'நாலே ட்ராக், இப்பவே முடிவு பண்ணு' என்ற நெருக்கடி பிடித்திருந்தால், அதற்கும் 24 ட்ராக் மெஷின் தேவையில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'நெப்ராஸ்கா'வை (1982) வீட்டில் டியாக்கின் 4 ட்ராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தார்.

பெரிய மெஷினுக்குப் பணம் போட நியாயமான இடம் பழைய டேப்புகள் குவிந்திருக்கும் இடம்தான்: இசைக் கம்பெனி, ஸ்டுடியோ, பல்கலைக்கழகம், அரசு ஆவணக் காப்பகம். அங்கே ஒரு நல்ல 24 ட்ராக் மெஷின், கழற்றிப் பயன்படுத்த அதே மாடலில் இன்னொன்று, 16 ட்ராக் ஹெட் ஒரு செட், அதைவிட முக்கியமாக, தெரிந்த ஒரு பெரியவரிடம் ஒரு வருஷம் கூடவே இருந்து கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்களுக்குச் சம்பளம். கடைசியாகச் சொன்னதுக்குத்தான் பட்ஜெட்டில் இடம் இருக்காது. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் ஃபர்னிச்சர்.

அந்த இளைஞர்களுக்குப் பழைய ரீல்களே பாதி வேலையைச் சுலபமாக்கித் தரும். ஒழுங்கான என்ஜினியர்கள் ரீலின் தொடக்கத்தில் பாட்டுக்கு முன் சில நிமிஷம் வெறும் டோன்களைப் பதிந்து வைப்பார்கள். தாழ்ந்தது ஒன்று, நடுவில் ஒன்று, உயர்ந்தது ஒன்று. பெட்டியின் மேல் வேகம், டேப் ரகம், டால்பி போட்டதா இல்லையா என்று பென்சிலில் குறித்திருப்பார்கள். இன்னொரு ஊரில், இன்னொரு மெஷினில் இதை மாட்டப்போகும் முகம் தெரியாத ஒருவர் அந்த டோனை வைத்து 24 மீட்டர்களின் ஊசியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு பாட்டைத் தொடங்கலாம்.